துண்டுக்குள் இருக்கும் கை

ஒரு அக்கா கேட்டிருந்த கேள்வி, சுருக்கமாக: தம்பிக்கு வயது 26. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை. தோல் வெட்டும் பிரஸ்ஸில் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ‘நரம்பு கட்’, மோதிர விரலின் நுனிக் கணு போய்விட்டது. வேலூரில் ஆபரேஷன் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. ‘நல்லபடியாக முடிந்தது, இனி பயிற்சிதான் முக்கியம்’ என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆனால் தம்பி பயிற்சி செய்வதில்லை. கையை எந்நேரமும் துண்டுக்குள் வைத்திருக்கிறார். எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ராத்திரி தூக்கமில்லை. இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு வர மறுத்துவிட்டார். அப்பா ‘சோம்பேறி’ என்று திட்டுகிறார். இது சோம்பலா, மனநோயா, தானாகச் சரியாகிவிடுமா? தம்பிக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தோம், அதை என்ன செய்வது?

நான் இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் கை அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பது படிப்பின் பெயர். வருகிறவர்கள் எல்லோரும் ‘பிசியோ சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. தோல் ஷாப், ஷூ கம்பெனி, கரும்பு ஜூஸ் மெஷின், விசைத்தறி, எருது விடும் விழா என்று இந்த ஊர்க் கைகள் எப்படியெல்லாம் அடிபடும் என்பதை ஓரளவு பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பியின் கையைப் பார்த்ததில்லை. அதனால் நான் சொல்வது எதுவாவது அவருக்கு ஆபரேஷன் செய்த டாக்டரோ, பயிற்சி கொடுப்பவரோ சொன்னதோடு முட்டினால் அவர்கள் பேச்சையே கேளுங்கள்.

முதலில் அப்பாவுக்கு. சோம்பேறியாக இருப்பவர் பிரஸ் மெஷினில் நாள் முழுக்க நின்று, கேட்ட எண்ணிக்கையை வெட்டிக் கொடுத்திருக்க மாட்டார். ஏழு வாரத்துக்கு முன்னால் வரை உழைத்த பிள்ளைக்குத் திடீரென்று சோம்பல் எங்கிருந்து வரும்? பயிற்சி செய்ய வேண்டுமென்றால் துண்டை எடுக்க வேண்டும். கையைப் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷம், அந்த வெட்டுத் தழும்பையும் குட்டையான விரலையும் முறைத்துப் பார்த்தபடி மடக்கி நீட்ட வேண்டும். அவருக்கு அது விரல் பயிற்சி இல்லை, அந்த நிமிஷத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்விட்டு வருவது. யார்தான் விரும்பிப் போவார்கள்?

நம் மொழியும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கல்நெஞ்சுதான். ஒன்றுக்கும் உதவாதவனைக் ‘கையாலாகாதவன்’ என்கிறோம். பிழைப்பு போனால் ‘கை ஒடிந்த மாதிரி’ என்கிறோம். சாதாரண நாளில் காதில் விழாத இந்தச் சொற்கள், கையில் கட்டோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் காதில் எப்படி விழும் என்று அப்பா ஒரு தடவை யோசிக்கட்டும்.

இரண்டாவது, அந்த ‘நரம்பு கட்’. இதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது, அந்தக் குழப்பமே பாதி மனக்கஷ்டத்துக்குக் காரணம். நாம் தமிழில் மூன்று வெவ்வேறு சாமான்களை ‘நரம்பு’ என்று ஒரே பேரில் கூப்பிடுகிறோம். ஊசி குத்தும் ரத்தக் குழாயும் நரம்பு, விரலை இழுத்து மடக்கும் கயிறும் நரம்பு, தொடு உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் கம்பியும் நரம்பு. கயிற்றுக்குப் பாடப்புத்தகத்தில் தசைநாண் என்று பேர். உணர்ச்சிக் கம்பிதான் உண்மையில் நரம்பு. விரலில் ஆழமாக வெட்டுப்பட்டால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே அறுகின்றன. இரண்டையும் ஒரே நாளில் தைக்கிறார்கள். ஆனால் ஆறும் கணக்கு வேறு வேறு.

தைத்த தசைநாண் முதல் சில வாரம் வெகு பலவீனமாக இருக்கும். அதனால்தான் ஸ்பிளின்ட் என்ற பிளாஸ்டிக் தாங்கியைக் கையில் போட்டு, அளந்து அளந்து அசைக்கச் சொல்கிறோம். ஏறக்குறைய ஆறு வாரத்தில் லேசான வேலைக்குத் தாங்கும், எட்டு வாரத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் கொடுக்கும் பயிற்சி, பன்னிரண்டு வாரம் தாண்டிய பிறகுதான் பாரம் தூக்குவது. அசைக்காமலே வைத்திருந்தால் அறுந்து போகாது, ஆனால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை விடுவிக்க வழி இருக்கிறது. பல மாதம் பயிற்சி செய்தும் அசையவில்லை என்றால் இன்னொரு ஆபரேஷன்கூடச் செய்வார்கள். ஆனாலும் இந்த ஏழாவது வாரமும் எட்டாவது வாரமும் சும்மா கழிந்தால், பிறகு அதே பலனுக்கு இரட்டிப்பு உழைப்பு வேண்டும்.

நரம்பு அப்படி இல்லை. தைத்த இடத்திலிருந்து அது புதிதாக வளர்ந்து நுனிக்குப் போக வேண்டும். தொடங்கவே சில வாரம் எடுக்கும், அப்புறம் நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். உள்ளங்கையிலிருந்து விரல் நுனி வரை தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், எத்தனை மாதம் என்று தெரிந்துவிடும். ஏழு வாரத்தில் விரல் மரத்துக் கிடக்கிறது என்றால் ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, அது இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது. தழும்புக்கு மேலே லேசாகத் தட்டினால் ‘கரண்ட் அடிக்கிற மாதிரி’ விரலில் சுரீர் என்கிறதா? அதைக் கண்டு பயந்துபோய்க் கையைத் தொடவே விடாதவர்கள் நிறையப் பேர். அந்தச் சுரீர் மாதா மாதம் நுனியை நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது என்று அர்த்தம், நாங்கள் அதைத்தான் தேடித் தட்டுகிறோம். இதை உங்கள் தம்பிக்கு யாராவது பொறுமையாக உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். ஓ.பி.யில் கூட்டம் நெரிக்கும்போது ‘சரியாயிடும்பா’ என்ற ஒரு வார்த்தையோடு அனுப்பிவிடுவோம். நானும் அனுப்பியிருக்கிறேன்.

இனி ராத்திரி. ‘ராத்திரி என்னப்பா வருது?’ என்று நான் கேட்டால் முதலில் ‘ஒண்ணுமில்ல சார்’ என்பார்கள். கொஞ்சம் விட்டுப் பிடித்தால் வரும். மெஷின் இறங்கும் சத்தம். கையுறையோடு விரல் போனது. சூப்பர்வைசர் ஓடி வந்தது. சிலருக்கு நடந்தது அப்படியே ஓடும். சிலருக்கு நடக்காததும் ஓடும், முழுக் கையும் உள்ளே போவது போல, அடுத்து இடது கையும் போவது போல. கண்ணை மூடினால் வருகிறது என்பதால் கண்ணை மூடவே பயப்படுவார்கள். பகலில் மிக்சி ஓடினால் உடம்பு தூக்கிப் போடும். எதிர்வீட்டில் கிரைண்டர் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்கள்.

விபத்து நடந்த முதல் சில வாரத்தில் இதெல்லாம் வருவது இயல்பு, பெரும்பாலானவர்களுக்குத் தானாகத் தேய்ந்துவிடும். ஒரு மாதம் கடந்தும் அதே வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது, தூக்கம் போகிறது, அதனால் சிகிச்சைக்கே வர மறுக்கிறார் என்றால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. விபத்தின் அதிர்ச்சி நோயாகத் தங்கிவிட்டது என்று பொருள். அதற்குத் தனியாக வைத்தியம் இருக்கிறது. உங்கள் தம்பிக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. ஆக உங்கள் கேள்விக்கு என் பதில்: சோம்பல் இல்லை. நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். காத்திருக்க வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ‘எல்லோரோடும் உட்கார்வதில்லை’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள், எனக்கு அந்த வரிதான் உறுத்தியது. வலது கை போன ஆண்பிள்ளைக்கு நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஸ்பூனால் சாப்பிட்டால் ‘பேஷண்ட்’. அம்மா ஊட்டினால் குழந்தை. இடது கையால் சாப்பிட்டால் பாட்டி முகம் சுளிப்பார். அந்த இடது கைதான் இப்போது கால் கழுவவும் போகிறது என்பது அவருக்கும் தெரியும், பந்தியில் இருக்கிறவர்களுக்கும் தெரியும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். கடையில் இடது கையால் காசு நீட்டினால் சிலர் வாங்க மாட்டார்கள். கோயிலில் திருநீறு வாங்கும்போது எந்தக் கையை நீட்டுவது? இப்படி நாளைக்கு இருபது தடவை சின்னச் சின்னதாகக் கூனிக் குறுகுகிறவர், துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு தனியாக ஒரு மூலையில் சாப்பிடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எனவே இன்றைக்கே செய்யக்கூடியது: இடது கையால் சாப்பிடுவது இந்த வீட்டில் தப்பில்லை என்று வாயால் சொல்லிவிடுங்கள், பாட்டிக்கும் சேர்த்து. சொல்லாமல் ‘கண்டுகொள்ளாதது போல்’ இருப்பது போதாது. அப்புறம், ஏழு வாரம் ஆனவர்களை நான் வலது கையையே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக்குக் கொண்டுவரச் சொல்வேன். பிசைந்த சோறு சிரமம், இட்லி எளிது. முதலில் இட்லியை விள்ளுவது மட்டும். அவரைப் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எங்கள் அறையில் ஆயிரம் ரூபாய்க்கு ரப்பர் பந்தும் ஸ்பிரிங்கும் இருக்கிறது. சொந்தக் கையால் விண்ட ஒரு துண்டு இட்லி கொடுக்கும் தைரியத்தை அவை கொடுத்து நான் பார்த்ததில்லை.

இந்த ஊரில் இது புதுப் பாடமும் இல்லை. பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர் 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். தொழுநோயால் பறவையின் கால் நகம் போல மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாணை இடம் மாற்றித் தைத்து, விரல்களை மறுபடி நீட்ட வைத்தார். உலகத்தில் கை அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேலூரைப் பேசாமல் போக முடியாததற்கு அந்த வேலை ஒரு காரணம். ஆனால் எனக்கு அவர் கதையில் பிடித்தது ஆபரேஷன் இல்லை, அதற்கு அப்புறம் நடந்தது. கை நிமிர்ந்து வீட்டுக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து புகார் சொன்னார்கள். மடங்கிய கையை நீட்டினால் பிச்சையாவது விழுந்தது, இப்போது கை நன்றாக இருப்பதால் அதுவும் இல்லை, ஊரில் வேலையும் யாரும் தருவதில்லை. கையைச் சரிசெய்தது போதாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. சி.எம்.சி. கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்று சின்னக் குடியிருப்பு அமைத்து, தச்சு வேலை போன்ற கைத்தொழில் சொல்லிக்கொடுத்தார்கள். அவரிடம் பயின்ற மேரி வர்கீஸ் கதை இன்னும் ஒரு படி மேலே. 1954-இல் நடந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அப்புறம்தான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். வேலூரை ஒட்டிய பாகாயத்தில் 1966-இல் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் வந்ததில் அவர் பங்கு பெரிது. அவரைப் பற்றி உங்கள் தம்பியிடம் பிரசங்கம் செய்ய வேண்டாம். ‘அவங்களே அப்படி இருந்தாங்க, உனக்கென்ன’ என்று ஆரம்பித்தால் தம்பி துண்டை இன்னும் இறுக்கிக்கொள்வார். நான் சொல்வது உங்களுக்கும் அப்பாவுக்கும்: கைக்கு ஒரு வைத்தியம், ஆளுக்கு ஒரு வைத்தியம், இரண்டும் சேர்ந்தே ஓட வேண்டும் என்று எழுபது வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பிராண்ட் கவனித்த இன்னொன்றும் இங்கே உதவும். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக உதிர்வதில்லை, வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் புண்ணாகித் தேய்கின்றன, சில நேரம் ராத்திரியில் எலி கடித்துக்கூட. உங்கள் தம்பியின் இரண்டு விரலும் இப்போதைக்கு அப்படித்தான், வலி என்ற காவல்காரன் ஊரில் இல்லை. சூடான டம்ளரை இடது கையால் தொட்டுப் பார்த்துவிட்டு எடுக்கட்டும். பீடி, சிகரெட்டை அந்த விரலிடுக்கில் பிடிக்கவே கூடாது. உண்மையில் எந்த விரலிடுக்கிலும் கூடாது, புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கி ஆறுவதைத் தாமதப்படுத்தும். யாராவது எண்ணெய் போட்டு இழுத்து நீவிவிடுகிறேன், கட்டு போடுகிறேன் என்று வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். தைத்த தசைநாணை இழுத்தால் அறுந்துவிடும்.

கையைப் பார்க்க வைப்பது எப்படி? கட்டுப் பிரிக்கும்போது நான் புண்ணைப் பார்ப்பதற்கு முன் ஆளின் கண்ணைப் பார்ப்பேன். சுவரைப் பார்க்கிறாரா, ஃபேனைப் பார்க்கிறாரா, கையைப் பார்க்கிறாரா? சுவரைப் பார்ப்பவரிடம் அன்றைக்குப் பயிற்சி பேச மாட்டேன். ‘உங்க இடது கையால இந்தத் தழும்பைத் தொட்டு, சூடா இருக்கா, மொழுமொழுன்னு இருக்கான்னு சொல்லுங்க’ என்பேன். கண்ணை மூடிக்கொண்டேகூடத் தொடலாம். முதல் நாள் ஒரு நிமிஷம். குட்டையான விரலின் முனையைப் பஞ்சால் தடவுவது, அடுத்து துண்டு, அடுத்து ஒரு கிண்ணத்தில் அரிசி, அப்புறம் கேழ்வரகு. வெட்டுப்பட்ட நரம்பு முனைகள் கூச்சத்தை விடுவதற்கான பயிற்சி இது. கை தன்னுடையதுதான் என்று ஆளுக்குப் பழகுவதும் இதில்தான். குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பீடி சுற்றும் அம்மாவுக்குக் கட்டைவிரலில் உணர்ச்சி போயிருந்தது. ரப்பர் பந்தைக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு அழுவார். ஒரு நாள் அவர் மகளிடம் சொல்லி முறத்தையும் இலையையும் கொண்டுவரச் சொன்னேன். முதல் பீடி சுருட்டியது கோணல்மாணலாக வந்தது. ‘இதை மண்டியில குடுத்தா மூஞ்சியில எறிவான்’ என்று சிரித்தார். அந்த அம்மா சிரித்ததை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். அவருக்குப் பயிற்சி அன்றுதான் ஆரம்பித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டிலும் பயிற்சி என்ற பேரையே எடுக்காமல் வேலை கொடுங்கள். கீரை ஆய்வது, பச்சைப் பயறு பொறுக்குவது, துணி மடிப்பது, சில்லறை எண்ணுவது. குடம் தூக்குவதும் வண்டி ஓட்டுவதும் இப்போது வேண்டாம். ‘வேலை கொடுத்தால் பாவம், கை வலிக்கும்’ என்று எல்லாவற்றையும் அம்மாவே செய்துவிடுவதும் ஒரு வகையில் ‘கையாலாகாதவன்’ என்று சொல்வதுதான், அன்பாகச் சொல்கிறோம், அவ்வளவே.

இல்லாத நுனியில் அரிக்கிறது, இழுக்கிறது என்று தம்பி சொன்னால் பைத்தியம் என்று நினைக்காதீர்கள். கைக்கு, அதிலும் விரல்களுக்கு, மூளையில் ஒதுக்கியிருக்கும் இடம் முதுகுக்கும் வயிற்றுக்கும் ஒதுக்கியதைவிட வெகு பெரிது. விரல் போனாலும் மூளையில் அதன் இடம் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்ம ஊர் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், 1990களில் இந்த மாய வலிக்கு ஒரு சாதாரணக் கண்ணாடியை மருந்தாக்கினார். நல்ல கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்தபடி இரண்டு கையையும் அசைப்பது. எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், செலவில்லாதது, பயிற்சி கொடுப்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை. கை முழுவதும் நெருப்பு மாதிரி எரிகிறது, வீங்குகிறது, நிறம் மாறுகிறது, அளவுக்கு மீறி வேர்க்கிறது, காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு வலி என்றால் அது வேறு சிக்கல். அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள். இவர்கள் ஒரு தனி நோய். ‘எப்படிப்பா ஆச்சு, எந்த விரலு, காட்டு பாப்போம்’ என்று ஏழு வாரத்தில் நாற்பது பேராவது கேட்டிருப்பார்கள், நாற்பது தடவை அவர் மெஷினுக்குள் கையை விட்டிருப்பார். ஒரு வரியைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: ‘மெஷின்ல மாட்டிச்சு, ஆபரேஷன் ஆச்சு, தேறிட்டு வருது. நீங்க எப்படி இருக்கீங்க?’ அதற்கு மேல் கேட்டால் நீங்கள் குறுக்கே வந்து காபி கொடுங்கள்.

மனநல டாக்டரிடம் போவது பற்றி. அதிர்ச்சிக்கென்றே இருக்கும் பேச்சு சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மாத்திரையும். மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், இரண்டு நாளில் ‘ஒண்ணும் ஆகல’ என்று நிறுத்துவது நம் ஆட்களின் வழக்கம். இன்னொரு வேடிக்கை: நரம்பு வலிக்கும் மனச்சோர்வுக்கும் சில மாத்திரைகள் பொது. அமிட்ரிப்டிலின் அதில் ஒன்று. கை டாக்டர் வலிக்காக எழுதியதை மெடிக்கலில் யாரோ ‘இது மென்டல் மாத்திரை’ என்று சொல்லி, அதோடு குப்பைக்குப் போன அட்டைகள் எத்தனையோ. வேலூரிலேயே வழி இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம், குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சை பெறும் முறைக்குப் பேர் பெற்ற இடம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் வர மறுத்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே, இலவசமாக, எந்த நேரமும் பேசலாம். முதலில் நீங்களே பேசுங்கள், அவரைப் பிறகு பார்க்கலாம். அழைக்கும்போது ‘மென்டல் டாக்டர்கிட்ட போலாம்’ என்று ஆரம்பிக்காதீர்கள். ‘தூக்கத்துக்கு ஒருத்தரைப் பார்த்துட்டு வருவோம்’ என்றால் முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுகிறார்கள், அதுவும் பொய் இல்லை.

ஒரு கேள்வியை மட்டும் நீங்களே, தனியாக இருக்கும்போது, நேராகக் கேளுங்கள்: ‘செத்துப் போயிடலாம்னு தோணுதா?’ கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்பட வேண்டாம், அப்படி ஆவதில்லை. பெரும்பாலும் கேட்டதில் ஒரு பாரம் இறங்கும். ‘ஆமாம்’ என்றால் திட்டாமல், அழாமல், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அதுவரை தனியாக விடாதீர்கள். கேள்வியின் பதில் எதுவானாலும் வயலுக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் அப்புறப்படுத்துங்கள். தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பித்திருக்கிறாரா என்றும் பாருங்கள். குடித்தால் வருவது தூக்கம் இல்லை, மயக்கம். நடு ராத்திரி எழுப்பிவிட்டு மெஷின் சத்தத்தை இன்னும் பெரிதாகக் கேட்க வைக்கும்.

பாதி மனச்சுமை பணம்தான், அதைப் பேசாமல் மனநலம் பேசுவது வீண். தம்பியின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தால், வேலையில் நடந்த விபத்து என்பதால், டாக்டர் தகுதிச் சான்று தரும் வரை சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் தற்காலிக ஊன உதவித்தொகையாக வர வேண்டும். சாதாரண உடம்பு சரியில்லாத விடுப்புக்கு 70 சதவீதம்தான். விபத்தை விபத்து என்று பதியாமல் ‘லீவு’ என்று போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், அங்கேதான் கோட்டை விடுவார்கள். இந்த உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் முடியாது. கை ஒரு நிலைக்கு வந்த பிறகு மருத்துவக் குழு நிரந்தர இழப்பைக் கணக்கிடும். ஈ.எஸ்.ஐ. அட்டவணைப்படி கட்டைவிரல் முழுதும் போனால் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, மோதிர விரலில் ஒரு கணு என்றால் 5. மடங்காத விரலின் இழப்பைத் தனியாகப் பார்ப்பார்கள். ‘என் கை அஞ்சு பர்சென்ட்தானா’ என்று அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் உடைந்து அழுதவர்கள் உண்டு. அது சம்பாதிக்கும் திறனுக்குப் போட்ட கணக்கு, அந்த ஆளுக்குப் போட்ட மார்க் இல்லை என்று காகிதம் வருவதற்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

சிலர் பயிற்சியைத் தள்ளுவதற்கு வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு: கை சரியானால் மறுபடி அதே பிரஸ்ஸில் நிற்க வேண்டும். தம்பிக்கு அப்படி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். திரும்பப் போவதா வேண்டாமா என்பதை இப்போது முடிவு செய்ய வேண்டாம். போக விரும்பினால் ஒரே நாளில் மெஷின் முன்னால் நிறுத்தாமல் படிப்படியாகப் போகலாம். ஒரு நாள் கேட் வரை போய் டீ குடித்துவிட்டு வருவது, இன்னொரு நாள் ஷெட்டுக்கு வெளியே நின்று சத்தம் கேட்பது, நிறுத்தி வைத்த மெஷின் பக்கத்தில் கூட்டாளியோடு நிற்பது, கடைசியில்தான் ஓடும் மெஷின். பேக்கிங், செக்கிங் என்று வேறு பிரிவு கேட்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. ‘தப்பு என்னோடதுதான், நான்தான் கையை வச்சேன்’ என்ற பேச்சு வந்தால் உடனே மறுக்காமல் முழுக்கக் கேளுங்கள். பாதுகாப்புக் கவசம் இருந்ததா, அன்றைக்கு எத்தனையாவது மணி நேர வேலை என்று அவரே சொல்லிக்கொண்டு வரும்போது, முழுப் பழியும் தன் தலையில் இல்லை என்பது அவருக்கே தெரியவரும்.

சின்ன விஷயம் ஒன்று, விட்டுப்போகும் முன் சொல்லிவிடுகிறேன். ராத்திரிக்கு மட்டும் போடும் ஸ்பிளின்ட் இருந்தால் பகலில் அதை வெயில் படும் ஜன்னலிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ வைக்க வேண்டாம். வெந்நீரில் இளக்கி வளைத்துச் செய்த பிளாஸ்டிக் அது. வேலூர் சித்திரை வெயிலுக்கு மறுபடி இளகிக் கோணிக்கொள்ளும். ‘போட்டா குத்துது’ என்று அவர் கழற்றி வைத்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம், அடுத்த முறை எடுத்துப் போய்ச் சரி செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகப் பெண் பார்க்கும் விஷயம். தேதி குறிப்பதை மூன்று நான்கு மாதம் தள்ளி வையுங்கள், ஆனால் ‘கை சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று அவர் காதுபடச் சொல்லாதீர்கள். மோதிர விரலின் நுனி வளரப் போவதில்லை, அந்த வாக்கியத்துக்கு அவர் மனசில் ‘எப்பவுமே இல்லை’ என்றுதான் அர்த்தமாகும். ‘பயிற்சிக்கு அலைச்சலா இருக்கு, தீபாவளி கழிச்சுப் பேசலாம்’ என்று சொன்னால் போதும். பெண் வீட்டாரிடம் மறைக்க வேண்டாம். தரகரிடம் கொடுத்திருக்கும் போட்டோ பழையதாக இருக்கும், அதை மாற்றிப் புதிதாக எடுக்கப் போகும் நாளில் ஸ்டுடியோக்காரர் ‘கையைப் பின்னால கட்டிக்கோங்க தம்பி’ என்பார். எப்படி நிற்பது என்பதை நீங்களோ அப்பாவோ சொல்லாமல், தம்பியையே முடிவு செய்ய விடுங்கள்.